ரோசம்மா அக்கா பேசாமல் நடந்த அரை மைல்

செய்தி மூதூர் லோஞ்சில், குடாவைக் கடந்து வந்தது. ஒரு சனிக்கிழமை காலை. நான் இறங்குதுறைக்கு எதிரே உள்ள வாசிகசாலையில், ஜன்னலோரக் கதிரையில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் லோஞ்சிலிருந்து இறங்குகிறவர்களின் தலைகள் முதலில் தெரியும், பிறகு அவர்களுடைய சுமைகள் தெரியும். சுபைதா ராத்தாவின் தலை தெரிந்தது. கூடை தெரியவில்லை. மூதூரிலிருந்து கூடை இல்லாமல் அவர் பட்டினத்துக்கு வந்து நான் கண்டதேயில்லை. அவர் சந்தைப் பக்கம் திரும்பாமல் நேரே வாசிகசாலையை நோக்கி நடந்தார். நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் எந்த வரியில் நின்றேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவர் உள்ளே வரவில்லை. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஆண்களைப் பாராமல், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

“மகள், கொஞ்சம் வெளிய வாங்க.”

போனேன்.

“ரோசம்மா மௌத்தாப் போயிட்டா.”

“எந்த ரோசம்மா?” என்று கேட்டேன். எங்கள் ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளிலும் ஒரேயொரு ரோசம்மாதான் இருந்தார். சுபைதா ராத்தாவுக்கும் எனக்கும் தெரிந்த ரோசம்மாவும் ஒருவர்தான். ஆனாலும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“நம்மட ரோசம்மா. கட்டைபறிச்சான்ல, மச்சாள்ட ஊட்டுல. நாலு நாள் காய்ச்சல். முந்தநாள் பின்னேரம் வரைக்கும் கதைச்சுக்கிட்டுத்தான் இருந்தா. பிறகு கதைக்கல்ல.”

அந்தக் கடைசி வசனம்தான் என்னை இந்த ஒரு மாதமாக ஓரிடத்தில் இருக்க விடாமல் வைத்திருக்கிறது.

ரோசம்மா அக்காவின் கணவர் அந்தோனி அண்ணன், முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு முற்றத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். “நீ புத்தகம் படிக்கிற பிள்ளை. ஒரு பக்கம் எழுது. நல்லதா எழுது,” என்றார். நல்லதாக எழுத மூன்று தடவை தொடங்கினேன். அன்பு, பொறுமை, கடவுள் பக்தி என்றெல்லாம் எழுதிக் கிழித்தேன். எழும்பிக் குசினிக்குப் போவேன், தண்ணீர் குடிப்பேன், வாசல் படலை வரைக்கும் நடப்பேன், திரும்பி வந்து கதிரையில் இருப்பேன். எழுதிய வசனங்கள் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அது நான் எவருக்கும் சொல்லாத விஷயம்.

செத்தவீட்டில் நீங்கள் பலர் பேசிக்கொண்டீர்கள்: “வாயால கரடியைக் கூப்பிட்ட மனுசி.” அன்பாகத்தான் சொன்னீர்கள். சொன்னவர்கள் அழுதுகொண்டும் இருந்தீர்கள். நானும் அங்கே நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ரோசம்மா அக்கா பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற நாட்களில், அவருக்கு முன்னால் நின்றவர்கள் தங்கள் முறை வந்தும் நகராமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கதையின் முடிவு கேட்காமல் அவர்களுக்குப் போக மனமில்லை. பாண் கொடுக்கிறவர் பெலத்துச் சொல்வார்: “ரோசம்மா, கெதியாக் கதையை முடியும். இல்லாட்டி இண்டைக்குப் பாண் மிஞ்சப் போகுது.” அந்த வருடம் பாண் மிஞ்சிய ஒரே வரிசை எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

சீனன்குடாவில் நடந்ததையும் சிலர் அறிவீர்கள். எண்ணெய் சேமிக்கும் குதங்களில் வேலைசெய்த அந்தோனி அண்ணன் ஒருநாள் சாப்பாட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். ரோசம்மா அக்கா அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது என்னையும் துணைக்குக் கூட்டிச் சென்றார். கேற்றடியில் நின்ற காவல்காரர், அனுமதி இல்லாமல் ஒரு பார்சலும் உள்ளே போகாது என்றார். அக்கா சண்டை பிடிக்கவில்லை, கெஞ்சவுமில்லை. பார்சலில் இருந்த கறியை எப்படிச் சமைத்தார் என்று சொல்லத் தொடங்கினார். எந்த மீன், அதை யாரிடம் வாங்கினார், அவர் ஏன் முதலில் தர மறுத்தார், அவருடைய மனைவி என்ன சொன்னார். காவல்காரர் முதலில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் இருந்தார். புளி கரைத்துவிட்ட இடத்துக்குக் கதை வந்தபோது அவரே பார்சலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: “ஆக்களுக்கு என்னில பயம் வரக்கூடாது பிள்ளை. நான் ஆரெண்டு தெரியாட்டித்தான் பயம் வரும். தெரிஞ்சிட்டா ஒண்டுமில்ல.” அன்று இதை நான் கொப்பியில் எழுதி வைத்தேன். எழுதினேனே தவிர விளங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், எனக்குப் பதின்மூன்று வயது. பாலைப்பழக் காலம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், கட்டைபறிச்சானுக்கும் தெற்கே காட்டில் பாலை மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்திருந்தன. ரோசம்மா அக்கா ஒவ்வொரு வருடமும் சுபைதா ராத்தாவோடும் அவருடைய தமையன் மீரான் காக்காவோடும் மாட்டுவண்டிலில் போய்ப் பழம் பொறுக்கி வந்து சந்தையில் விற்பார். பாலைப்பழத்தின் பால் உதட்டில் பசைபோல ஒட்டும். கூடத் தின்றால் வாயைத் திறக்க ஏலாது. “எனக்கு மட்டும் ஒட்டாது. அதுக்குத் தெரியும், ஒட்டிப் பிரயோசனமில்லையெண்டு,” என்பார் அக்கா.

அந்தப் பழத்தில் ஆசை உள்ள இன்னொருவரும் காட்டில் உண்டு. கரடி. மூதூர்ப் பக்கத்தில் கரடியிடம் அகப்பட்டுக் கண்ணும் மூக்கும் இழந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். எங்கள் கரடி உருவத்தில் பெரியதல்ல. ஆனால் திடுக்கிட்டால் ஓடாது, நேரே முகத்துக்கு வரும். ஆகவே ஒவ்வொரு வருடமும் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன காவலோடு போவது என்று அக்காவின் முற்றத்தில் பேசி முடிவெடுப்பார்கள். அந்த வருடம் நான் கொப்பியும் பென்சிலுமாக நடுவில் இருந்தேன். காட்டுப் பறவைகளின் சத்தங்களைக் குறித்துவர வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னையும் கூட்டிப்போவதாக அக்கா ஒப்புக்கொண்டிருந்தார்.

“துவக்கு இருந்தா இந்தக் கதையே இல்ல,” என்றார் மீரான் காக்கா. உரிமம் உள்ள துவக்குகளையும் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லியிருந்த காலம் அது. அவருடையதும் அங்கே போயிருந்தது.

“துவக்கு இருந்த காலத்தில நீங்கள் எத்தினை சுட்டனீங்கள்?” என்று கேட்டார் ரோசம்மா அக்கா.

“ஒண்டும் சுடல்ல. தோள்ல இரிந்தா ஒரு தைரியம்.”

“அப்ப உலக்கையைத் தோளில வைச்சுக்கொண்டு வாங்கோ. அதுவும் அதே பாரம்தான்.”

நாயைக் கொண்டுபோனால் என்ன என்று நான் கேட்டேன்.

“நாய் குலைச்சிக்கிட்டு முன்னால ஓடும் மகள். அவர் திரும்பி ஒரு உறுமல் உறுமினா அது எங்க ஓடி வரும்? என்ட காலுக்க. அதுக்குப் பின்னால ஆரு வாற?” காடு என்ற பேச்சு வந்தாலே மீரான் காக்கா கரடியின் பெயரைச் சொல்ல மாட்டார். அவர் என்பார், கறுத்தவர் என்பார்.

சீனவெடி அந்த வருடம் கடைகளில் இல்லை. இருந்தாலும் காய்ந்த காட்டில் கொளுத்த ஏலாது. நான் பாடசாலை நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கண்டுபிடித்து, குளிர்நாட்டுக் கரடிகளைப் பற்றிக் குறிப்பெடுத்து வந்திருந்தேன். அதை வாசித்துக் காட்டினேன். ஓடக் கூடாது. படுத்து மூச்சடக்கினால் விட்டுவிடும். மரத்தில் ஏறினால் தப்பலாம்.

“மரத்தில ஏறவா? பழக்காலத்தில அவர் முந்தியே மேல இரிப்பார். நீங்க ஏறிப்போய் சலாம் சொல்லலாம்,” என்றார் மீரான் காக்கா. சுபைதா ராத்தா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் காதுகள் சூடானது இப்போதும் நினைவிருக்கிறது.

கடைசியில் மீரான் காக்கா கட்டைப்பிடிக் கோடாலியைத் தெரிந்தெடுத்தார். சுபைதா ராத்தா, கல் போட்ட பால்மாத் தகரப் பேணி ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னார். “கோடாலிக்கு அவர் கிட்ட வரோணும். பேணிச் சத்தம் கேட்டா அவர் வரவே மாட்டார். எனக்குப் பேணிதான் நல்லம்,” என்றார். நான் பாடசாலை விளையாட்டு ஆசிரியையிடம் விசில் ஒன்று இரவல் கேட்டிருந்தேன்.

“உங்களுக்கு அக்கா?”

“எனக்கு ஒண்டும் வேண்டாம்.”

“வெறுங்கையோடயா?”

“பழம் பொறுக்கக் கை வேண்டாமே? நான் கதைச்சுக்கொண்டு வாறன்.”

எல்லோரும் சிரித்தோம். நான் கொப்பியில் வரிசையாக எழுதினேன். மீரான் காக்கா, கோடாலி. சுபைதா ராத்தா, கல் போட்ட பேணி. நான், விசில். ரோசம்மா அக்கா, ஒன்றுமில்லை.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வண்டில் போகக்கூடிய பாதை முடிந்த இடத்தில் இறங்கினோம். காட்டு வாயிலில் ஒரு மரத்தடியில், போகிறவர்கள் பிள்ளையாருக்கென்று முறித்து வைத்த கொப்புகள் குவிந்து காய்ந்திருந்தன. நான் ஒன்று முறித்து வைத்தேன். அக்கா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அவரும் ஒன்று வைத்தார். “இடத்துக்காரருக்கும் ஒரு மரியாதை,” என்றார். அங்கிருந்து பாலை மரங்களுக்கு ஒரு மைல் இருக்கும். மாடுகளை அவிழ்த்துக் கட்டவும் சாக்குகளை எடுக்கவும் நேரமாகும் என்பதால், மீரான் காக்காவும் ராத்தாவும் எங்களை முன்னால் நடக்கச் சொன்னார்கள்.

“நான் கதைச்சுக்கொண்டு போவன். நீங்கள் என்ர சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ,” என்றார் அக்கா.

அவர் முன்னால், நான் பின்னால். அவர் தன்னுடைய கலியாண நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வழக்கத்தை விட உரத்துச் சொன்னார். மாப்பிள்ளை அந்தோனி அண்ணன் தன் சொந்தக்காரர்களோடு மூதூரிலிருந்து லோஞ்சில் வரவேண்டும். கோயிலில் மணியும் அடித்துவிட்டார்கள். சுவாமியார் மணிக்கூட்டைப் பார்க்கிறார். லோஞ்சைக் காணவில்லை. குடாவின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் கதை அப்போது வேண்டியிருக்கவில்லை. நான் பறவைகளைத்தான் கேட்க முயன்றுகொண்டிருந்தேன். கொப்பியில் ஒரு வரியும் ஏறவில்லை. அக்காவின் குரல் ஒவ்வொரு மரத்திலும் பட்டுத் திரும்பியது. “அக்கா, கொஞ்சம் மெதுவா,” என்றேன். மெதுவாக்கினார். பத்தடி போனதும் திரும்ப உரத்தது. இரண்டாவது தடவையும் சொன்னேன். அவர் சொல்லிக்கொண்டே போனார்: “வெள்ளைச் சீலை, தலையில நெற், எல்லாத்தோடயும் நான் கோயில் வாசலுக்கு வந்திட்டன். மாமி கையைப் பிடிச்சு இழுக்கிறா. அப்ப நான் என்ன செய்தனான் தெரியுமோ...”

“அக்கா, உங்களுக்குக் கொஞ்ச நேரமாவது வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாதா?”

நான் அப்படித்தான் கேட்டேன். இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட நான் மென்மையாக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கொப்பியைப் பார்த்தார், என் கையில் பென்சிலைப் பார்த்தார். வாயில் விரலை வைத்துச் சிரித்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அரை மைல் தூரம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவருடைய நடை மாறியதை நான் பார்த்தேன். கழுத்தை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டு நடந்தார், சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் பயந்திருந்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எனக்கோ அன்று ஒரே சந்தோஷம். குக்குறுவான் எழுதினேன். மரங்கொத்தி எழுதினேன். காட்டுக்கோழி எழுதினேன். பெயர் தெரியாத ஒன்றின் சத்தத்தை எழுத்தில் கொண்டுவரப் பார்த்தேன். நாலு பறவை.

பாதை ஒரு பெரிய வீரை மரத்தைச் சுற்றித் திரும்பியது. துருத்தி ஊதுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஊதும், பிறகு உறிஞ்சும். நான் அதை ஐந்தாவது பறவை என்று நினைத்துப் பென்சிலை எடுத்தேன்.

புற்றுக்குள் தலையை விட்டுக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தன் சத்தத்தில் அதற்கு எங்கள் காலடி கேட்கவில்லை. ஒரு வண்டில் நீளம்தான் இடைவெளி. அது தலையை வெளியே எடுத்தபோது அதுவும் எங்களைப்போலத் திடுக்கிட்டது என்று நினைக்கிறேன். பிறகு எழும்பி நின்றது.

என் கழுத்தில் விசில் தொங்கியது. அது அங்கே இருப்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. படுக்க வேண்டும், மூச்சடக்க வேண்டும் என்ற குறிப்பும் வரவில்லை. அக்கா பின்னுக்கு ஒரு கையை வீசி என்னைப் பற்றைக்குள் தள்ளினார். பிறகு அதனோடு பேசத் தொடங்கினார். கத்தவில்லை, பேசினார். “ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, நாங்கள்தான், போறம், இந்தா போறம்...” அரை மைலுக்கு முந்தியே அதன் காதில் விழுந்திருக்க வேண்டிய குரல் அது. அப்போது நேரம் கடந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அவருடைய இடது கன்னத்தையும் தோளையும் நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். மீரான் காக்கா கோடாலியின் பின்புறத்தால் மரத்தில் அடித்துக்கொண்டு, பெரிய சத்தம் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அது பற்றைகளை முறித்துக்கொண்டு போய்விட்டது. ராத்தா தன் முக்காட்டைக் கழற்றிக் காயத்தைக் கட்டினார். வண்டிலில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. கட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

“கொப்பி விழுந்தது பிள்ளை. எடுத்தியா?”

பட்டினத்து ஆஸ்பத்திரியில் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்ற பின்னேரம், எப்படி நடந்தது என்று யாரோ கேட்டார்கள். நான் செவ்விளநீர்ப் போத்தலோடு கால்மாட்டில் நின்றேன். அக்கா கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எல்லாம் என்ர வாய்தான். நான் சொன்ன கதை அவருக்குப் பிடிக்கேல்ல.” எல்லோரும் சிரித்தார்கள். வாயால் கரடியைக் கூப்பிட்ட கதை அங்கே பிறந்ததுதான். அது அவராகவே உங்களுக்குத் தந்தது. அடுத்த நாள் அது பாண் வரிசைக்குப் போனது, அதற்கடுத்த வாரம் லோஞ்சிலும் ஏறியது. யாரும் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நான் ஒருநாள் தனியே போனேன். “அக்கா, நான்தான்...” என்று தொடங்கினேன்.

“குருவி எத்தினை எழுதினாய்?”

“நாலு.”

“நாலும் நல்ல குருவிதானே?”

“ஓம்.”

“அப்ப சரி. அந்தத் தண்ணியை இஞ்சால எடு.”

பிறகும் அவர் பேசினார். உதடு ஒரு பக்கம் இழுபட்டதால் சில எழுத்துகள் சரியாக வராது. சீலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டு பேசுவார். அவர் விட்டது காட்டை மட்டும்தான். பழக்காலத்தில் ராத்தா கொண்டுவரும் கூடைகளை முற்றத்தில் கொட்டி, நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருப்பார். போன வருடம் ஒரு நாள் அவருக்குப் பக்கத்திலிருந்து பழம் பிரித்தபடி, கோயில் வாசலில் நின்ற பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“அது காட்டுக் கதை பிள்ளை. முற்றத்தில சொன்னா எடுபடாது. காட்டுக்குப் போகேக்க சொல்லுறன்.”

போவோம் என்று நானும் நம்பினேன்.

அடக்கத்துக்கு மூதூர் போன நாளில், லோஞ்சில் சுபைதா ராத்தா எனக்குப் பக்கத்தில் இருந்தார். குடாவின் நடுவே வந்தபோது, எஞ்சின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது என்று நிச்சயமான பிறகு சொன்னார்.

“அண்டைக்கு மாட்டை அவுக்கக்குள்ளயும் அவட சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் நாங்க இரிந்த. திடீரெண்டு சத்தம் நிண்டுட்டு. ரோசம்மாட சத்தம் நிண்டா ஏதோ பிழை எண்டு காக்கா சொன்னாரு. மற்ற மாட்டைக் கட்டாமலே ஓடி வந்தாரு.”

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் சத்தம் நிண்டிச்செண்டு பிறகு அவட்ட கேட்டன். தொண்டை காஞ்சு போச்சு எண்டா. ரோசம்மாட தொண்டை காயுமா மகள்?”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“நான் உங்கள்ட்ட கேக்கல்ல,” என்றார் ராத்தா. “கேக்கவும் மாட்டன்.”

அவர் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் நான் செத்தவீட்டில் நின்று சிரித்தேன். ஆகவே இப்போது உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். ரோசம்மா அக்கா வாயால் கரடியைக் கூப்பிடவில்லை. அவருடைய பேச்சு, காட்டில் இருப்பவருக்கு நாங்கள் வருகிறோம் என்று சொல்லும் அறிவித்தல். வழி விடச் சொல்லிக்கொண்டு போகிற பேச்சு. எங்கள் நாலு பேரின் காவலில் அதுதான் சரியான காவல். வருடக்கணக்காக அதன் பின்னால் நடந்தவர்களுக்கு ஒரு கீறலும் வந்ததில்லை. அதை நிறுத்தச் சொன்னவள் நான். ஒரு பிள்ளையின் கொப்பிக்காக அவர் அதை நிறுத்தினார், பயந்துகொண்டே நிறுத்தினார், பிறகு பழியையும் தன் வாய்க்கே போட்டுக்கொண்டார்.

என் அம்மாவும் இந்த முற்றத்தில்தான் இருப்பார். அவருக்கும் இது இப்போதுதான் தெரியும். வீட்டுக்குப் போனதும் அவர் கேட்கப் போவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

பாலை திரும்பப் பழுத்துவிட்டது. வருகிற சனிக்கிழமை சுபைதா ராத்தாவும் மீரான் காக்காவும் போகிறார்கள். என்னையும் கேட்டார்கள். அம்மா விட்டால் போவேன். மீரான் காக்கா கோடாலி, ராத்தா பேணி. “நீங்க என்ன கொண்டு வாறீங்க? விசிலா?” என்று காக்கா கேட்டார். பழைய கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ரோசம்மா அக்காவின் பெயருக்கு நேரே ‘ஒன்றுமில்லை’ என்று நான் எழுதியிருந்ததை வெட்டினேன். ‘பேச்சு’ என்று எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதி, விசிலை வெட்டிவிட்டு, அதையே எனக்கும் எழுதினேன்.

ஆனால் எனக்குப் பேச வராது. அது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் வாசிக்கச் சொன்னாலே என் குரல் மூன்றாம் வரிசை வாங்குக்குப் போகாது. இதை நான் இந்த முற்றத்தில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்து முடித்தால், அதுவே எனக்கு முதல் பயிற்சி. அக்காவைப்போல ஒரு மைல் தூரத்துக்குச் சொல்ல என்னிடம் கதைகளும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரேயொரு கதை, அதுவும் பாதி. வெள்ளைச் சீலையும் தலையில் நெற் முக்காடுமாகக் கோயில் வாசலில் நிற்கிற மணமகள், கையைப் பிடித்து இழுக்கிற மாமி, குடாவின் நடுவில் எஞ்சின் நின்றுபோன லோஞ்சு. அந்த இடம் வரைக்கும் ஒரு சொல்லும் விடாமல் என்னால் சொல்ல முடியும்.

அந்தோனி அண்ணன், அந்த லோஞ்சில் இருந்தவர் நீங்கள். நான் இந்தத் தாளை மடித்ததும் மிச்சத்தைச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம். காட்டில் சொல்வதுபோல, உரத்துச் சொல்லுங்கள்.